அறிவுக்கு ஒரு சுங்கம்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா என்றொரு சிறு நாடு உண்டு. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நாட்டினுள் எபோலா என்னும் கொடிய காய்ச்சல் புகுந்தது. அது தணிவதற்குள் அங்கு மட்டும் ஏறத்தாழ 4,800 பேர் மாண்டனர். அந்நோய் தங்கள் நாட்டில் இருந்ததே இல்லை என்றுதான் அதுவரை அங்குள்ளோர் எண்ணியிருந்தார்கள். ஆனால் 1982-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய ஆராய்ச்சி இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. ஜெர்மானிய விஞ்ஞானிகள் சிலர் லைபீரிய மக்களின் இரத்தத்தைச் சோதித்து, எபோலாக் கிருமி உறையும் நாடுகளுள் லைபீரியாவையும் சேர்த்தெண்ண வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

இச்செய்தியை உலகறியச் செய்தவர், அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக விளங்கிய பெர்னிஸ் டான் என்னும் அம்மையார். அவரும் உடன் பணியாற்றிய இருவரும் 2015 ஏப்ரலில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார்கள். இத்தகைய கட்டுரை ஒன்றை இணையத்தின் வழியே பெறுவதற்கு 45 டாலர் கட்டணம் என்றும், அது லைபீரிய மருத்துவர் ஒருவரின் ஏறத்தாழ அரைவாரச் சம்பளம் என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அக்கட்டுரையைப் படித்திருந்தால் நோய் பரவாமல் நின்றிருக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும், எவருடைய இரத்தத்திலிருந்து அந்த அறிவு பிறந்ததோ, அவர்களிடம் அது சென்று சேரவில்லை என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

அறிவின் வாயிலில் இச்சுங்கச்சாவடி எவ்வாறு எழுந்தது? இதனை அறிய மூன்றரை நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் தம் கண்டுபிடிப்புகளைக் கடிதங்களின் மூலமே ஒருவருக்கொருவர் தெரிவித்து வந்தார்கள். இலண்டன் இராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்த ஹென்றி ஓல்டன்பர்க், அத்தகைய கடிதங்களை இடையறாது பெற்றும் அனுப்பியும் வந்தவர். ஒரு கடிதத்தை ஒருவர் படிக்கலாம். அச்சேற்றினால் பல நூறு பேர் படிக்கலாம். 1665 மார்ச்சு மாதத்தில் அவர் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்னும் இதழைத் தம் பொறுப்பிலேயே தொடங்கினார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்ப் பாரிஸ் நகரிலும் இத்தகைய இதழ் ஒன்று தோன்றியிருந்தது. ஓல்டன்பர்க்குக்கு அவ்விதழால் கிடைத்த ஊதியம் சொற்பம். 1752-இல் சொசைட்டியே அவ்விதழை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னும் நெடுங்காலம் அது வாணிகமாகக் கருதப்படவில்லை. நட்டத்தைச் சங்கமே தாங்கிற்று. பிற நாட்டுக் கழகங்களுக்குப் பிரதிகள் பரிமாற்றமாகவும் அன்பளிப்பாகவும் சென்றன.

அக்காலத்திலும் இதழ்கள் எல்லோர் கைக்கும் எட்டிவிடவில்லை. நம் நாட்டில் உயர்கணிதம் பயில விரும்பியோர் ஐரோப்பிய இதழ்களுக்கு ஏங்கிக் கிடந்தனர். இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் ஒரு தமிழர். அவர் பேராசிரியரும் அல்லர். சென்னை மாகாணத்தில் துணைக் கலெக்டராகப் பணியாற்றியவர். வி. இராமசாமி ஐயர் என்னும் அப்பெரியார், 1907-ஆம் ஆண்டில் கணித அன்பர்கள் சிலரைச் சேர்த்து ‘அனலிடிக் கிளப்’ என்னும் கழகத்தை நிறுவினார். உறுப்பினர் தரும் சந்தாவைக் கொண்டு வெளிநாட்டு இதழ்களை வரவழைப்பதும், அவற்றைத் தபால் மூலம் ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு அனுப்புவதும் அதன் முதன்மையான பணிகள். புனாவிலுள்ள பெர்குசன் கல்லூரியில் அதன் நூலகம் அமைந்தது. ஒருவரால் வாங்க முடியாததைப் பலர் கூடி வாங்கினார்கள். ஒரே பிரதி பல ஊர்களுக்குப் பயணம் செய்தது. அக்கழகமே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாயிற்று. 1911-இல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது அக்கழகத்தின் இதழிலேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. அரசாங்கங்கள் விஞ்ஞானத்துக்குப் பெரும்பொருள் வழங்கத் தொடங்கின. ஆராய்ச்சியாளர் தொகை பெருகவே, கட்டுரைகளும் பெருகின. இங்கே பெரும் ஆதாயம் இருப்பதை முன்னதாகவே கண்டுகொண்டவர்களுள் ஒருவர் இராபர்ட் மாக்ஸ்வெல். 1951-இல் சிறு பதிப்பகம் ஒன்றை வாங்கி, அதற்குப் பெர்காமன் என்று பெயரிட்டு, துறைதோறும் புதிய இதழ்களை அவர் நிறுவினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1991-இல், அதனை எல்சவியர் நிறுவனத்துக்கு விற்றபோது அதன் விலை 44 கோடிப் பவுன்!

இத்தனை ஆதாயம் எங்கிருந்து வந்தது? இவ்வாணிகம் ஏனைய வாணிகங்களைப் போன்றதன்று. கட்டுரை எழுதும் விஞ்ஞானிக்குப் பதிப்பகம் ஊதியம் தருவதில்லை. அவர் புகழையும் பதவி உயர்வையும் நாடி எழுதுகிறார். கட்டுரையை ஆராய்ந்து தகுதி கூறும் அறிஞரும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கிறார். ஆராய்ச்சிக்கான செலவையோ பெரும்பாலும் மக்களின் வரிப்பணமே ஏற்கிறது. இதழை வேண்டும் என்று கேட்பவர் பேராசிரியர். பணம் கட்டுவதோ நூலகம். ஆதலின், கேட்பவருக்கு விலையின் சுமை தெரிவதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. ஒரு கடையில் அரிசி விலை ஏறினால் நாம் அடுத்த கடைக்குச் செல்வோம். லைபீரியாவைப் பற்றிய கட்டுரை வேண்டுவோருக்கு வேறொரு கட்டுரை ஈடாகாது. ஈடில்லாத பொருளுக்கு விற்பவன் வைத்ததே விலை.

1990-க்குப் பின் இதழ்கள் இணையத்தில் ஏறின. காகிதம் இல்லை, அச்சு இல்லை, தபால் செலவு இல்லை. இனி விலை இறங்கும் என்று பலர் நம்பினர். நடந்ததோ வேறு. பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாகக் கட்டி, வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்தே நூலகங்களுக்கு விற்றன. அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்றும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய அச்சிதழ் நூலகத்தின் உடைமை. மின்னிதழ் பெரும்பாலும் குத்தகைப் பொருள் போன்றது. சந்தா நின்றால் பழைய ஏடுகளுக்கும் பூட்டு விழக்கூடும். பிறருக்கு அனுப்புவதையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். இராமசாமி ஐயர் தபாலில் சுற்றுக்கு விட்டதுபோல் இன்று ஒருவர் செய்யப் புகுந்தால், சட்டம் குறுக்கே நிற்கும்.

செல்வத்தில் முதன்மையான ஹார்வர்டு பல்கலைக்கழகமே 2012-இல் முறையிட்டது. பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 37½ லட்சம் டாலர் செலவாகிறது என்றும், சில இதழ்களின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர் என்றும் அது கூறியது. யானைக்கே தாளாத சுமையை ஆட்டுக்குட்டி எங்ஙனம் தாங்கும்?

பதிப்பகத்தார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வந்து குவியும் கட்டுரைகளைச் சலித்தெடுத்து, அறிஞர்களிடம் அனுப்பித் திருத்துவித்து, அழியாமல் காப்பதற்குச் செலவு ஆகத்தான் செய்யும். கேள்வி, செலவு உண்டா என்பதன்று. அதனை யார், எந்த அளவில் ஏற்பது என்பதே.

இக்கேள்விக்கு அறிஞர்கள் விடை தேடாமல் இல்லை. 1991-இல் பால் கின்ஸ்பார்க் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர், அச்சேறுமுன்னரே கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கத்தக்க மின்களஞ்சியம் ஒன்றை அமைத்தார். ‘ஆர்க்சைவ்’ என்னும் அக்களஞ்சியம் இன்றும் வளர்ந்து வருகிறது. 2002-இல் புடாபெஸ்ட் நகரின் பெயரால் வெளியான அறிக்கை, ஆராய்ச்சிக் கட்டுரைகள் யாவர்க்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்று முழங்கியது. ஆனால் திறந்த கதவுக்கும் ஒரு விலை வந்தது. பல இதழ்கள் படிப்போரிடம் வாங்காத கட்டணத்தை எழுதுவோரிடம் வாங்கின. ‘நேச்சர்’ இதழ் தன்னில் ஒரு கட்டுரையை அவ்வாறு திறந்து வெளியிட 9,500 யூரோக் கட்டணத்தை 2020-இல் அறிவித்தது. சுங்கச்சாவடி அகலவில்லை; ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்கு இடம் மாறிற்று.

இந்திய அரசாங்கம் கூடிவாங்கும் பழைய வழியையே பேரளவில் மேற்கொண்டது. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை இசைவு தந்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300-க்கு மேற்பட்ட அரசாங்கக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். 2025 ஜனவரியில் அது தொடங்கியபோது, தொலைவிலுள்ள அரசுக் கல்லூரி மாணவரும் பெரிய பல்கலைக்கழக மாணவரும் ஒரே ஏட்டைப் படிக்க வழி பிறந்தது. இது போற்றத்தக்க செயலே.

ஆயினும் ஓர் எண்ணம் நெஞ்சை உறுத்துகிறது. இத்திட்டத்தின் வாயில் முதலில் திறந்தது நிறுவனங்களுக்கே. 1907-இல் கழகம் கண்ட இராமசாமி ஐயர் ஓர் அரசாங்க அலுவலர். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்கராக அமர்ந்த இராமானுஜனிடம் பட்டமும் இல்லை. அவர்கள் இன்று வந்து அவ்வாயிலில் நின்றால், “நீவிர் எந்தக் கல்லூரி?” என்றல்லவா காவலன் கேட்பான்!

மாணவ நண்பர்களே, கட்டணம் கேட்கும் கதவைக் கண்டு நீங்கள் சோர்ந்து திரும்பவேண்டாம். பல கட்டுரைகளின் பிரதியை ஆசிரியர்களே முறைப்படி இலவசமாக வைத்திருப்பார்கள். பணிவுடன் கடிதம் எழுதினால் அனுப்பி உதவுவோரும் பலர். நாளை நீங்களும் கட்டுரை எழுதுவீர்கள். அப்போது, எங்கோ ஒரு சிற்றூர் மருத்துவமனையில் அரைவாரச் சம்பளத்தை எண்ணிப் பார்த்து நிற்கும் ஒருவர்க்கும் அது எட்டுமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.