ஜார்ஜ் வாஷிங்டன் லீ

ஜார்ஜ் வாஷிங்டன் லீ (டிசம்பர் 25, 1903 - மே 7, 1955) ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகரும், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவரும் ஆவார்.

வாழ்க்கை

மிசிசிப்பியில் பிறந்த லீ, பருத்தி விளையும் டெல்டா பகுதியிலுள்ள பெல்சோனி என்னும் சிற்றூரில் போதகராகப் பணியாற்றினார். அத்துடன் மளிகைக் கடை ஒன்றையும் அச்சகம் ஒன்றையும் நடத்தி வந்தார்.

வாக்குரிமைப் பணி

மிசிசிப்பியின் 1890 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு ஆகியவற்றின் மூலம் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 1953 இல் லீயும் வணிகரான கஸ் கோர்ட்சும் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் கிளையைப் பெல்சோனியில் தொடங்கி, அங்கிருந்த கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்யத் தூண்டினர். இப்பணியைக் கைவிட்டால் பாதுகாப்பு அளிப்பதாக வெள்ளையின அதிகாரிகள் கூறியதை லீ ஏற்கவில்லை.

படுகொலை

மே 7, 1955 இரவு மகிழுந்தில் சென்றபோது லீ சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய முகத்திலிருந்த ஈயக் குண்டுகள் பல்லில் அடைத்த ஈயமாக இருக்கலாம் என்றார் உள்ளூர் செரீப். அவருடைய மனைவி ரோஸ்பட் லீ, சிதைந்த முகத்தை அனைவரும் காணுமாறு பெட்டியைத் திறந்து வைத்தே இறுதிச் சடங்கை நடத்தினார். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கோர்ட்சும் சுடப்பட்டார். எனினும் உயிர் தப்பினார்.

நினைவு

அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் 1989 இல் திறக்கப்பட்ட குடியுரிமை நினைவகத்தில், உயிர்நீத்தோர் வரிசையில் லீயின் பெயரே முதலாவதாகப் பொறிக்கப்பட்டுள்ளது.