திருவெண்ணெய்நல்லூர் மூலவோலையும் திருமேனிப் பதிவுகளும்

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலையில் செப்புத் திருமேனிகள் கண்ணாடிப் பேழையினுள் நிற்கக் கண்ட சைவ நன்மக்கள் சிலர், திருமஞ்சனமும் திருவிளக்கும் இன்றி ஆண்டவன் இவ்வாறு நிற்றல் தகுமோ என்று வருந்துவர். அவ் வருத்தம் நியாயமானதே. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தை அரனாகவே கண்டு வழிபடப் பணித்திருக்க, அவ் வழி நிற்பார்க்குத் திருமேனி வெறுங் கலைப்பொருளாகத் தோன்றுதல் யாங்ஙனம்? ஆயினும், சிற்பங்களைத் தொகுத்தும் காட்டியும் ஆராய்ந்தும் வரும் நிலையங்களால் நம் திருக்கோயில்கட்கு விளைந்த நன்மை இன்னதென நோக்காது அவற்றை இகழ்ந்தொதுக்குதலும் முறையன்று.

எழும்பூர்க் காட்சிச்சாலை 1851-ஆம் ஆண்டில் தோன்றி, 1854-இல் இப்போதுள்ள இடத்திற்கு மாறியது. ஆண்டுள்ள செப்புத் திருமேனிகளுட் பல கோயிலினின்று பறித்துக்கொணர்ந்தவை அல்ல. படையெடுப்புக்கு அஞ்சிய முன்னோர் மண்ணிற் புதைத்துக் காத்தவை, பின்னாளில் ஏர்முனையும் மண்வெட்டியும் பட்டு வெளிப்பட, 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்வழி அரசினர் கைப்பட்டன. அங்குள்ள திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமானை நிழற்படங்களிற் கண்ட அளவிலேயே பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோடின் உளமுருகி 1913-இல் ஓர் உரை வரைந்தார். நேரிற் கண்டும் உருகாதார் நம்முள் உளர், அது நிற்க. 1932-இல் கிரேவ்லி துரையும் டி. என். இராமச்சந்திரனும் அத் திருமேனிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் இயற்றினர்.

பட்டியல் எழுதுதலும் படம் எடுத்து வைத்தலும் பத்தியின்பாற் படுமோ எனின், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்ததனை நினைந்து பார்க்க வேண்டும். புத்தூரில் மணக்கோலத்திருந்த நம்பியாரூரரை அடிமை என்று தொடர்ந்த முதியவர் காட்டிய ஓலையை ஆரூரர் பற்றிக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு உளது என்றார் முதியவர். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையோர் முன் வந்தது. அவையோர் முதியவர்தம் சொல்லை அவ்வளவில் ஏற்றுக்கொண்டாரல்லர். ஓலையின் தோற்றத்தை மட்டும் கண்டு துணிந்தாருமல்லர். ஆரூரருடைய பாட்டனார் எழுதிக் காப்பில் வைத்திருந்த பிறிதோர் ஓலையை வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்புநோக்கி, ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புக் கூறினர் எனச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார். வழக்காடியவன் இறைவனே. அவனுக்கும் சான்று வேண்டியிருந்தது. அச் சான்றினைத் துணியக் காப்பிலிருந்த ஏடு வேண்டியிருந்தது.

இத்தகைய காப்பு ஒன்று அந் நடுநாட்டின் அருகே புதுச்சேரியில் நம் காலத்தில் அமைந்தது. 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் சைவாகமச் சுவடிகளைத் தொகுத்தமை அறிஞர் பலரும் அறிவர். அச் சுவடித் தொகை 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அந் நிறுவனத்தார் தென்னாட்டுக் கோயில்தோறும் சென்று, மூலை முடுக்கில் நின்ற சிற்பங்களையும் விடாது நிழற்படம் எடுத்துவைத்தது அத்துணை அறியப்படவில்லை. அப் படங்கள் ஓரிலட்சத்தைக் கடந்தவை.

திருமுதுகுன்றத்துப் பழமலைநாதர் கோயிற் சுவர்மாடத்தில் நின்ற மாதொருபாகர் கற்சிலை களவுபோய், கடல் கடந்து, 2004-இல் ஆஸ்திரேலியா நாட்டுச் சிட்னி நகரக் கலைக்கூடத்தாரால் விலைக்கு வாங்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டளவிலேயே அது டில்லியில் விற்கப்பட்டதாகக் காட்டும் பற்றுச்சீட்டும் உடன் இருந்தது. தொல்பொருள்களை வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லுதலைத் தடுக்கும் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டமையின், அதற்கு முற்பட்ட தேதியே கள்வர்க்கு வேண்டுவதாயிற்று. ஆனால் புதுச்சேரி நிறுவனத்தார் 1974-இல் எடுத்த படத்தில் அம்மையப்பர் தம் மாடத்திலேயே நிற்கின்றார்! படியோலை பொய்த்தது, மூலவோலை வென்றது. சிரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்டு, 2008-இல் கான்பெரா நகர்க் கலைக்கூடத்தாரால் ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட கூத்தப்பெருமானையும் இன்னாரென அறிவித்தற்கு அந் நிறுவனத்துப் படமே துணையாயிற்று. இரு திருமேனிகளும் 2014-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்நாட்டினிடம் ஒப்படைக்கப்பட்டன.

படம் இல்லாதவிடத்து உண்டாகும் இடர்ப்பாட்டினைப் பத்தூர் வழக்கிற் காணலாம். சோழநாட்டுப் பத்தூரில் 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்ட நடராசர், கள்ளக் கைகள் பல மாறி இலண்டன் சென்றார். படம் ஒன்றும் இல்லாமையால், அவ்வூரிற் கிடைத்த ஏனைத் திருமேனிகளோடு ஒப்புநோக்கியே இவர் பத்தூரர் என்று நிறுவ வேண்டியதாயிற்று. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி நீதிமன்றத்தில் அதற்குச் சான்று பகர்ந்தார். கீழ்நீதிமன்றத்துத் தீர்ப்பு 1988-இலும், மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1991-இலும் ஆயின. கோயிலே வழக்காடும் உரிமை உடையது என்பதை அயல்நாட்டு நீதிபதிகள் ஒப்பினர்.

திருமேனியைப் படம் பிடித்தல் ஆகாதென்று தடுக்கும் பெரியோர் இன்றும் உளர். மூலத்தானத்தின்கண் அவர் சொல்லும் வரையறையைப் போற்றுக. பிரகாரத்து நிற்கும் சிற்பங்களையும், உற்சவ மூர்த்திகளையும் அளந்து எழுதிப் படத்தோடு மடத்திலோ நூலகத்திலோ ஒரு படி வைத்தலுக்கு எவ்வாகமமும் தடை கூறியதாக யாம் கற்றதில்லை.

வென்று மீண்ட பத்தூர்ப் பெருமான் தம் ஊர்க் கோயிலுக்குச் சென்றாரல்லர். திருவாரூர்த் திருமேனிக் காப்பகத்திற்கே கொண்டுசெல்லப்பட்டார். வெண்ணெய்நல்லூர் அவையோரோ தீர்ப்புக் கூறியதோடு நின்றாரல்லர். இவ்வூரில் உமது பழமனை எங்குள்ளது, காட்டும் என்று முதியவரைக் கேட்டனர். அவர் முன்னே நடந்து திருவருட்டுறைக் கோயிலினுட் புக்கார்.