அமேசன் வெள்ளக்காடும் இறப்பர்த் தொழிலாளரும்

இயற்கையின் எழிலை வியந்து பாடுதல் எளிது. அவ்வெழிலினூடே உழைத்து மாண்ட மக்களின் வரலாற்றை அறிதல் அரிது. பிறேசில் நாட்டின் அமேசன் வெள்ளக்காடுகளை நோக்குவோர் இவ்வுண்மையை உணர்வர்.

ஆண்டுதோறும் அமேசன் பெருகிக் கரை கடக்கின்றது. மனௌஸ் நகரருகே நீர்மட்டம் சராசரியாக 10 மீற்றர் உயர்ந்து, ஜூன் மாதமளவில் உச்சத்தை எட்டும். அந்தீஸ் மலையின் வண்டலைச் சுமந்துவரும் கலங்கல் நீர் மூடும் காட்டை ‘வார்சியா’ என்றும், கருநீர் ஆறுகள் மூடும் காட்டை ‘இகப்போ’ என்றும் அந்நாட்டார் வழங்குவர். அம்மாதங்களில் அங்கே நடைபாதை இல்லை, தோணியே வழித்துணை. கோடையில் அண்ணாந்து பார்த்த கிளை இப்போது துடுப்புப் போடுபவனின் தோளை உரசும். தம்பாக்கி என்னும் பெருமீன் மரங்களிடையே நீந்தி, நீரில் உதிரும் இறப்பர் விதைகளைப் பல்லால் உடைத்துத் தின்னும்.

இக்காட்சியைக் காணப் படகேறும் உல்லாசப் பயணிகள், மனித அடி படாத கன்னிக்காடு என இதனைப் போற்றுவதுண்டு. நாம் அவ்வாறு கொள்வதற்கில்லை. இந்நீர்வழிகளில் உழைப்பின் சுவடும் உண்டு. குருதியின் சுவடும் உண்டு.

1835ஆம் ஆண்டு ஜனவரியில் ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த ஏழை மக்கள் கிளர்ந்தெழுந்து பெலெம் நகரைக் கைப்பற்றினர். பழங்குடியினர், கறுப்பர், கலப்பினத்தார் எனப் பல திறத்தார் அவர்களிடையே இருந்தனர். குடிசையைக் குறிக்கும் சொல்லால் இக்கிளர்ச்சி ‘கபனாஜெம்’ எனப் பெயர் பெற்றது. 1836இல் நகரை இழந்தபின் அவர்கள் உட்புற ஆறுகளையும் காடுகளையும் அரணாகக் கொண்டு 1840 வரை போரிட்டனர். அரசு கிளர்ச்சியை நசுக்கியபோது மாண்டோர் 30,000 பேருக்கு மேல் என மதிப்பிடப்படுகின்றது.

கலகக்காரரின் தோணி சென்ற நீர்வழியில் அடுத்து வணிகரின் நீராவிக் கப்பல் வந்தது. 1853இல் அமேசனிற் கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. 1839இல் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் வழியைக் கண்டிருந்தார். 1888இல் டன்லொப்பின் காற்றடைத்த சக்கரம் தோன்றியது. மேலைத் தொழிற்சாலைகள் இறப்பருக்காக வாய் பிளந்து நின்றன. 1877 முதல் 1879 வரை சியாரா மாநிலத்தை வாட்டிய வறட்சி, பட்டினி மக்களைக் கூட்டங்கூட்டமாக இக்காடுகளுக்குத் துரத்தியது.

வந்தவன் உழைக்கத் தொடங்குமுன்பே கடனாளியானான். கப்பற் கட்டணம், கத்தி, துப்பாக்கி, மா யாவும் முதலாளியின் கணக்கில் ஏறின. அவன் வெட்டிய பாலைப் புகையிற் காய்ச்சித் திரட்டிய இறப்பருக்கு விலை குறித்தவனும் அம்முதலாளியே. வெள்ளம் வந்தாற் பால்வெட்டு நிற்கும், கடன் நிற்காது. தப்பியோட விழைந்தவனுக்கு இருந்த வழி ஆறு ஒன்றே. ஆற்றிலோ முதலாளியின் படகு காவல் நின்றது. இக்கடன் முறை ‘அவியமென்ட்டோ’ எனப்பட்டது. இதன் இலாபத்திலேதான் மனௌஸ் நகரின் ஓப்பரா அரங்கு 1896இல் ஒளிவிட்டது. புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் இலண்டனிற் பதிவுசெய்யப்பட்ட கம்பெனியொன்று பழங்குடியினரைச் சவுக்காலும் பட்டினியாலும் வதைத்தமையை 1910இல் றொஜர் கேஸ்மென்ற் நேரிற் சென்று ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

இக்கதை நமக்கு அந்நியமன்று. 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், தபஜோஸ் ஆற்றுப் பகுதியிற் பழங்குடியினரைக் கொண்டு திரட்டிய ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட நாற்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடவில் நடப்பட்டன. 1913இல் ஆசியத் தோட்ட இறப்பர் அமேசன் காட்டு இறப்பரை விஞ்சியது. மனௌஸ் மாளிகைகள் வெறிச்சோடின. பால் வெட்டியவனோ கடனோடு காட்டிலேயே விடப்பட்டான்.

மரம் கடல் கடந்தது. அடிமைத்தளையும் உடன் வந்ததா? வரவேண்டிய தேவை இருக்கவில்லை. கங்காணியிடம் முற்பணம் பெற்றுத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தொழிலாளியைப் பிணிக்க இங்கே ‘துண்டு’ ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது. அவனது கடன் தொகை பொறித்த அச்சீட்டு, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவனை உரியவனாக்கியது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. அங்கே நீர் சூழ்ந்த காடு, இங்கே மலை சூழ்ந்த லயம். இரண்டிடத்தும் தொழிலாளியின் பெயர் கணக்கேட்டின் பற்றுப் பக்கத்திலேயே இருந்தது.

ஆயினும் அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. மேட்டுநிலக் காடுகள் நிறைந்த அக்ரே மாநிலத்திற் பால் வெட்டுவோரைச் சங்கமாகத் திரட்டிக் காடழிப்பைத் தடுத்த சீக்கோ மெண்டிஸ், 1988 டிசம்பர் 22ஆம் நாள் பண்ணையார் ஒருவன் ஏவலாற் கொல்லப்பட்டார். 1990இல் அவர் பெயரால் அமைந்த காப்பகத்திற் காட்டைப் பயன்கொள்ளும் உரிமை தொழிலாளருக்குக் கிட்டியது. வெள்ளக்காட்டிலும் இதற்கு ஒப்பான மாற்றம் நேர்ந்தது. குடிகளுக்கு இடந்தராத சட்டத்தின்கீழ் 1990இல் அமைந்த மமிறவா காப்பகம், 1996இல் அவர்கள் அங்கேயே வாழ இடந்தரும் காப்பகமாக மாற்றப்பட்டது. 11 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட அக்காட்டிற் பயணிகளின் தோணியை இன்று வழிநடத்துவோர் அவ்வூர் மக்களே.

அத்தோணியில் ஏறுவோர் மரங்களின் பெயரைக் கேட்பதோடு அமையாது, துடுப்புப் பிடித்தவனின் பாட்டன் யாரிடம் கடன்பட்டிருந்தான் எனவும் கேட்டறிதல் வேண்டும். நம் மாணவர்க்கு இறப்பரை ஏற்றுமதிப் பொருளாக மட்டும் கற்பிக்கும் நாமும் அவ்வினாவை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோமாக.