தகர ரொக்கெற்றும் தடைப்பட்ட பற்றரியும்

யப்பானில் செய்த பழைய தகர விளையாட்டுச் சாமான் ஒன்று கையில் அகப்பட்டால் முதலில் அதன் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் செய்யப்பட்டது' என்ற ஆங்கில வாசகம் அதிலிருந்தால், அது 1947க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலத்தது. தோற்றவன் வென்றவனுடைய சந்தைக்குச் செய்தனுப்பிய பொருள் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சாட்சியம் வேண்டுமோ?

இக்கதை 1945 டிசெம்பரிலேயே தொடங்கிவிட்டது. கொசுகே மற்சுசோ என்னும் கைவினைஞர், அமெரிக்கப் படையினர் தின்று எறிந்த வெற்றுப் பேணிகளைத் தட்டி நிமிர்த்தி, அதே படையினர் ஓட்டித் திரிந்த ஜீப் வண்டியைச் சிற்றுருவாகச் செய்தார். கியோற்றோ நகரக் கடையில் அதன் விலை 10 யென். இத்தகரத் தொழிலே ஐம்பதுகளில் ரொக்கெற்றுகளையும் இயந்திர மனிதர்களையும் உலகெங்கும் அனுப்பியது.

ஆனால் அந்த ஆசையைப் பிள்ளைகளின் நெஞ்சில் முதலில் விதைத்தது யப்பானன்று, அமெரிக்க விளம்பரம். 1929இல் பத்திரிகைச் சித்திரக் கதையாகப் பிறந்த 'பக் றொஜர்ஸ்', 1934இல் 50 சத விலையில் விண்வெளித் துப்பாக்கியாகக் கடைக்கு வந்துவிட்டான். வேலையற்ற தகப்பன்மார் வரிசையில் நின்ற மந்த காலம் அது. 1950இல் தொடங்கிய 'ஸ்பேஸ் பற்றோல்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்குப் பொருளுதவி செய்தது காலையுணவுத் தானியம் விற்ற நிறுவனம். பெட்டியின் ஒரு துண்டையும் சில்லறைக் காசையும் தபாலில் அனுப்பினால் விண்வெளி விளையாட்டுச் சாமான் வீடு தேடி வரும். பிள்ளை நச்சரிக்கும், தாய் வாங்குவாள். சந்திரனில் மனிதன் கால் வைக்குமுன்னரே அங்கு சுடுவதற்கான துப்பாக்கி விற்றுத் தீர்ந்தது!

1957 ஒக்டோபர் 4ஆம் நாள் ஸ்புட்னிக் எழுந்தது. 1961 ஏப்ரல் 12இல் ககாரின் பூமியை வலம் வந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கைக்கும் வந்தார். பெட்டிப் படங்களில் கதிர்த் துப்பாக்கி ஏந்திய வீரனாகக் காட்சியளித்த விண்வெளிப் பயணி, கொழும்பிலே வார்ப்புத் தொழில் பயின்ற ஒரு தச்சனின் மகனாக வந்து நின்றார். (அவரைத் தூக்கிச் சென்ற ரொக்கெற்றும் அணுகுண்டு ஏவுவதற்காக உருவானதே என்பதை நம்மவர் மறைக்க வேண்டியதில்லை.)

குடாநாட்டுப் பிள்ளைகளுக்கோ பட்டமும் நுங்குக் கோம்பை வண்டியுமே கைக்கெட்டிய விளையாட்டுச் சாமான்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1977க்குப் பின் கதவு திறந்தது. திறந்த கதவு நெடுநாள் நிலைக்கவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்கிற்குத் தடுக்கப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்றாயிற்று. மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த மண்ணில் இயந்திர மனிதன் நடப்பது எங்ஙனம்? யப்பானியத் தகரப் பொம்மைகளின் வரலாற்றை எழுதுவோர் பற்றரி இல்லாத பிள்ளையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சேகரிப்போரின் உழைப்பை நான் இகழவில்லை. கிற்றஹாரா தெருஹிசா 1986இல் யொக்கொஹாமாவில் தகரப் பொம்மைகளுக்கென நூதனசாலை அமைத்திராவிடின் பல பொருட்கள் குப்பைக்கே போயிருக்கும். எனினும் சந்தையின் நீதி விசித்திரமானது. பெட்டி கலையாத, ஒருபோதும் விளையாடப்படாத பொருளுக்கே உச்ச விலை. பிள்ளையின் கை பட்டால் மதிப்பிழக்கும் விளையாட்டுச் சாமான்!

நமது பிள்ளைகளுக்குக் கடைக்காரர் எதை விளம்பரம் செய்தனர் என்பதை அறியப் பழைய பத்திரிகைகள் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. வீட்டுப் பெட்டகங்களில் தப்பிய இதழ்கள் இன்னும் உண்டு. 2005 முதல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தார் ஈழத்து இதழ்களை மின்வடிவில் திரட்டி வருகின்றனர். அவற்றைப் புரட்டும் மாணவர் தலையங்கத்தோடு நின்றுவிடாமல் விளம்பரப் பக்கத்தில் அச்சிட்ட விலைகளையும் குறித்துக்கொள்ளலாம்.