கருவியும் கைத்தேர்ச்சியும்: காரைக்குடி தரும் பாடம்

காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் இன்று வந்திறங்கும் ஒருவருக்கு, தமிழ்ப் பேசும்படங்கள் ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் உருவாயின என்று சொன்னால் வியப்பே மேலிடும். செட்டிநாடு என்றதும் நெடிய மாளிகைகளும், பர்மாத் தேக்கில் இழைத்த நிலைக்கதவுகளும், கடல் கடந்த வணிகமுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் 1946 முதல் 1948 வரை இங்கே ஒரு படப்பிடிப்பு நிலையம் இயங்கியது. அது வந்த காரணத்தையும் சென்ற காரணத்தையும் ஆராய்ந்தால், தொழிற்கலை ஓர் ஊரில் வேரூன்றுவது எங்ஙனம் என்னும் பெரிய வினாவுக்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

சற்றே பின்னோக்கிச் செல்வோம். தமிழில் முதலில் பேசிய படம் எனப் போற்றப்படும் ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அது உருவான இடமோ பம்பாய். தமிழ்ப் படத்தைத் தமிழகத்தில் எடுக்க இயலாமற் போனது ஏன்? பணமுடை மட்டும் காரணமன்று. பேசும்படத்தில் ஒலி மின்னோட்டமாகி, மின்னோட்டம் ஒளியாகி, அவ்வொளி படச்சுருளின் ஓரத்தில் கோடாகப் பதிய வேண்டும். படக்கருவியும் ஒலிக்கருவியும் இம்மியும் பிசகாமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். சுருளைக் கழுவுவதில் சிறு தவறு நேர்ந்தாலும் பல நாள் உழைப்பு பாழாகும். இத்தனையும் அறிந்த கைகள் அன்று நம் பக்கத்தில் இல்லை. ஆதலின் முதலாளிகள் நடிகர் குழுவைத் திரட்டிக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் புனாவுக்கும் இரயிலேறினர்.

இக்குறையை நீக்க முனைந்தோருள் முன்னோடி, சிவகங்கையிற் பிறந்த ஏ. நாராயணன் ஆவார். அவர் 1934இல் சென்னையில் சீனிவாசா சினிடோன் என்னும் ஒலிப்பட நிலையத்தை நிறுவினார். கருவி வாங்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. அவர்தம் துணைவியார் மீனாட்சி ஒலிப்பதிவுக் கலையைக் கற்று, அந்நிலையத்திலேயே பதிவாளராகப் பணியாற்றினார். ஆடவரே அரிதாய் இருந்த துறையில் ஒரு பெண்மணி கைதேர்ந்தார் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. ஏனையோர் அயல்நாட்டாரை நாடினர். தமிழறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 1936இல் ‘சதி லீலாவதி’யை இயக்கி, 1950 வரை தமிழ்ப் படவுலகில் நிலைபெற்றமைக்கு இந்த ஆள்முடையே காரணம்.

இனிக் காரைக்குடிக்கு வருவோம். 1907இல் இவ்வூரிற் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வணிகத்திலிருந்து படத்துறைக்கு வந்தவர். 1935இல் கல்கத்தாவில் எடுத்த ‘அல்லி அர்ஜுனா’ அவருக்குத் தோல்வியையே தந்தது. அவர் தளரவில்லை. தமிழில் பின்னணிப் பாடல் முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது அவருடைய ‘நந்தகுமார்’ (1938) படத்தில்தான் என்பர். கன்னட ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து 1944இல் வெளியிட்டவரும் அவரே. 1945இல் ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கியபோது போர்க்காலத்து நெருக்கடி தீர்ந்தபாடில்லை. சென்னையில் புதிய நிலையத்துக்கு மின்சாரம் பெறுவது அரிதாயிற்று. எனவே சொந்த ஊருக்கே வந்து, ஒரு நாடகக் கொட்டகையைப் படப்பிடிப்பு நிலையமாக மாற்றினார். 1947 சனவரியில் வெளியான ‘நாம் இருவர்’, 1948இல் வெளியான ‘வேதாள உலகம்’ ஆகியன இங்கு உருவானவை.

மின்சாரம் கிடைத்தது, இடம் கிடைத்தது. ஆட்களோ? அவர்களை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நடிகரும் தொழில்நுட்பக் கலைஞரும் நிலையத்தை ஒட்டியே தங்கி வேலை செய்தனர். 1948இல் நிலையம் சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. கலைஞர்கள் சென்றார்கள், அவர்களோடு கலையும் சென்றது. இதில் நிறுவனத்தைக் குறை கூறுவதற்கில்லை. இசைவாணரும் படம் கழுவுவோரும் ஒலிப்பதிவாளரும் கூடி வாழும் இடத்தைத் தொழில் நாடிச் செல்வது இயல்பே.

அறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வில் தொழிற்கலைகளைப் பற்றித் தனியே ஆராய்கிறார். கைத்தொழிலுக்கு ஆசான் இன்றியமையாதவன் என்றும், நகர வாழ்வு செழிக்கும் இடத்தே தொழில்கள் முதிர்ச்சி பெறும் என்றும், நகரம் நலியுங்கால் அவையும் நலியும் என்றும் விளக்குகிறார். மதரஸாவில் ஓதிய நமக்கு இது புதிதன்று. கிதாபைத் தானே படித்தவனை ஆலிம் என யாரும் ஏற்பதில்லை. உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதி, ‘ஸனது’ பெற்றவனையே ஏற்பர். ஒலிப்பதிவுக்கும் இதுவே நியதி. இரண்டாண்டில் படம் எடுத்துவிடலாம். ஆசான்–மாணவன் என்னும் தொடரை உண்டாக்க இரண்டாண்டு போதாது.

இதற்கு மறுபக்கமும் இதே ஊரில் உண்டு. நிலையம் பெயர்ந்த அதே 1948இல், சூலை 25ஆம் நாள், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்குக் காரைக்குடியில் நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தவர் வள்ளல் அழகப்பர். அதற்கு முந்திய ஆண்டே அவர் கல்லூரியும் தொடங்கியிருந்தார். ஆய்வு நிலையம் 1953இல் திறக்கப்பெற்று இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஒன்று கலைஞரை வரவழைத்தது. மற்றொன்று கற்போரை உருவாக்கியது. முன்னது பெயர்ந்தது, பின்னது வேரூன்றியது. திரைத்துறைக்கும் இத்தகைய வித்து சென்னையில்தான் ஊன்றப்பட்டது. 1945இல் மத்தியப் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் கற்பிக்கும் பிரிவு தோன்றியது. அதுவே வளர்ந்து இன்று எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக விளங்குகிறது.

இன்று படச்சுருள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. சுருள் கழுவும் கலையில் முதிர்ந்த கைகள் வேலையிழந்தன. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் கணினி வல்லாரைத் தேடும் குரல் ஓய்ந்தபாடில்லை. படம்பிடிக்கும் கருவியோ ஒவ்வோர் இளைஞனின் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆனால் பழைய குறை தீர்ந்துவிடவில்லை. கருவியை விலைக்கு வாங்கலாம்; கைதேர்ந்தவனைக் கூலிக்கு அழைக்கலாம்; அழைத்தவன் ஒரு நாள் திரும்பிப் போவான். அவன் போகுமுன் நம் பிள்ளைகளுள் நால்வரை அவனருகே அமர்த்தினோமா என்பதே வினா. செல்வமும் துணிவும் நிறைந்த காரைக்குடியில் 1948இல் கேட்கத் தவறிய அவ்வினாவை, இன்று ஒவ்வோர் ஊரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.