எசப்பாட்டும் எழுதிக் கொடுத்த பாட்டும்

நடவுப் பாட்டுக்குத் தனியாக வாத்தியம் கிடையாது. குனிந்து நிமிரும் உடம்புதான் தாளம். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் எசப்பாட்டில், அவன் கேலி செய்தால் அவள் அந்த இடத்திலேயே ஒரு வரி கட்டித் திருப்பிக் கொடுப்பாள். கணவனையும் மாமியாரையும் பண்ணையாரையும் வைது தீர்க்க அவளுக்கு வாய்த்த இடம் அது. திண்டுக்கல் சமவெளியில் இன்று அந்த இடம் சுருங்கிவிட்டது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில், எந்திர இரைச்சலுக்கு நடுவே, பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது.

வயலிலிருந்து மேடைக்கு இந்தப் பாட்டைக் கொண்டுவந்தவர்களில் தம்பதிகள் முக்கியமானவர்கள். விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி – அனிதா என்று பெயர்கள் இணைந்தே ஒலித்தன. ஊர்த் திருவிழாவில் நள்ளிரவு வரை பாடும் பெண்ணை ஊர் சும்மா விடாது. கணவன் உடன் நின்றால் வாய் கொஞ்சம் அடங்கும். கொல்லங்குடி கருப்பாயி, சின்னப்பொண்ணு போலத் தனிப் பெயரால் நின்ற பெண்களின் துணிச்சல் இதனால்தான் பெரிது.

2018இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கரில் புதுக்கோட்டைக்காரர் செந்தில் கணேஷ் வென்றார். அந்தப் போட்டியில் பாடிய அவருடைய மனைவி ராஜலட்சுமி திண்டுக்கல்லைச் சேர்ந்தவர். செல்ல தங்கையா எழுதி, இருவரும் மேடைகளில் பாடிவந்த ‘சின்ன மச்சான்’ 2019இல் ‘சார்லி சாப்ளின் 2’ படத்துக்குள் போனது. அதே ஆண்டு ‘விஸ்வாச’த்திலும் இருவர் குரலும் ஒலித்தது.

மேடையில் பாட்டு கூட்டத்தைப் பார்த்து நீளும், குறையும். விசில் வந்தால் ஒரு வரி கூடும். அவள் ஒரு கணம் நிறுத்தி, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். ஒலிப்பதிவுக் கூடத்திலோ தாளம் முன்பே கணினியில் அடுக்கப்பட்டிருக்கும். இருவர் பாடும் பாட்டையும் தனித்தனியாகப் பாடவைத்து, பிசிறு நீக்கி, பிறகு ஒட்டிக்கொள்ளலாம். உறுமியும் பறையும் ஒலித்துண்டுகளாகச் சேமிப்பில் இருந்தால், அடிப்பவர் வரவேண்டிய அவசியமில்லை. அவருக்குக் கூலியும் இல்லை.

2021இல் ‘புஷ்பா’வின் தமிழ் வடிவத்தில் ‘சாமி சாமி’ ராஜலட்சுமியின் தனிக் குரலில் வந்தது. பக்கத்தில் கணவர் குரல் இல்லாமலே அந்தக் குரல் ஊரெங்கும் ஒலித்தது. ஆனால் அந்தப் பெண்குரல் சொன்னதென்ன? ஆணைச் சாமி என்று கொண்டாடும் சொற்கள். எழுதியவர் விவேகா, இசை தேவி ஸ்ரீ பிரசாத். இருவரும் ஆண்கள்.

பழைய எளிமை போய்விட்டதே என்று ஒப்பாரி வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த எளிமையில் வறுமையும் இருந்தது. வரி கட்டிய பெண்களுக்குப் பெயர் இல்லாத கொடுமையும் இருந்தது. பாடியவள் பெயர் இன்று பதிவாகிறது, அவளுக்குப் பணம் வருகிறது. இரண்டும் அவளுக்கு உரியவை. எந்திரத்தின்மீதும் எனக்குக் கோபமில்லை. எசப்பாட்டில் அவளுக்கு இருந்தது குரல் மட்டுமல்ல, பதில் கட்டும் உரிமையும்தான். குரல் கூடத்துக்குள் போய்விட்டது. உரிமை வாசலிலேயே நிற்கிறது. பாட்டெழுதும் நாற்காலியில் அவள் உட்காரும்போதுதான் எசப்பாட்டு மறுபடி தொடங்கும்.