கட்டியங்காரனும் வங்கப் பேய்களும்

அடி அண்ணாமலை அமைந்த வடதமிழகத்தின் தெருக்கூத்து மரபில், கட்டியங்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறுவான்; அவனையே எள்ளவும் செய்வான். அவையோர் சிரிப்பர், கூத்தும் தொடரும். அவ்வுரிமையைத் திரையில் பேய்கள் மேற்கொண்டபோது வழக்கு மன்றம் வரை செல்ல நேர்ந்தது.

வங்க இயக்குநர் அனிக் தத்தாவின் ‘பவிஷ்யதேர் பூத்’ அரசியலை நையாண்டி செய்யும் நகைச்சுவைப் பேய்ப்படம். தணிக்கைச் சான்று பெற்ற அப்படத்தை முன்கூட்டியே தமக்குக் காட்டுமாறு கொல்கத்தாக் காவல்துறை கேட்டது. 15.2.2019 அன்று வெளியான படத்தைத் திரையரங்குகள் பலவும் மறுநாளே நிறுத்தின. உச்ச நீதிமன்றம் 11.4.2019 அன்று இதனைக் கண்டித்து, மேற்கு வங்க அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அத்தீர்ப்பு மேற்கோள் காட்டிய முன்வழக்குகளுள் ஒன்று தமிழ்ப்படம் பற்றியது. கவிஞர் வாலி கதை எழுதிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ இட ஒதுக்கீட்டு முறையைக் குறைகூறியது. தமிழகத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றை நீக்கியது. ஆர்ப்பாட்ட மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1989இல் அதனை மீட்டளித்தது.

அப்படத்தின் கருத்தை மறுப்போர் தமிழகத்தில் மிகப் பலர். எனினும் அதற்குக் கிடைத்த காப்பே முப்பது ஆண்டுகளுக்குப் பின் வங்கப் பேய்களுக்கும் துணைநின்றது. உடன்பாடில்லாத படைப்பின் உரிமையைக் காப்பவரே கட்டியங்காரனின் நாவையும் காக்கின்றனர்.